மாட்டு டாக்டருக்கு பாஸ் வாங்கிய கதை

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் தனியாகத் தொழில் செய்யும் கால்நடை மருத்துவர் நான். கிளினிக் எதுவும் கிடையாது, பைக்கும் பையும்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அரசு கால்நடை மருந்தகத்து நண்பர்கள் துறை அடையாள அட்டையைக் காட்டிப் போய்வந்தார்கள். என்னிடம் இருந்தது கால்நடை மருத்துவ கவுன்சிலின் பதிவுச் சான்று மட்டும். சோதனைச் சாவடி ஒன்றில் அதைப் பார்த்தவர், "மாட்டு டாக்டரா? மாட்டுக்கு என்ன அவசரம், வீட்டுக்குப் போங்க" என்றார். பின்னால் வந்த பால் வண்டி நிற்காமல் போனது. பால் அத்தியாவசியமாம்!

ஆன்லைனில் பாஸ் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், காரணம் கேட்கும் இடத்தில் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம், இவ்வளவுதான். நோயாளி பெயர் லட்சுமி என்று போட்டுவிடலாமா என்றான் நண்பன். ஆசையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்தான் கைகொடுத்தது. கால்நடை மருத்துவமனை, மருந்தகம், கிளினிக், ஆய்வகம், தடுப்பூசி மற்றும் மருந்து விற்பனைக்குத் தனி வரியே இருந்தது. ஆனால் அது கட்டடக் கணக்கு. கால்நடை மருத்துவப் பணியாளர்கள் போய்வரலாம் என்று இன்னொரு வரியும் இருந்தது, எனக்கு வேண்டியது அதுதான். நம் பக்கம் வைத்தியம் நடப்பது கட்டுத்தறியில். கன்று போட்ட மறுநாள் பால் காய்ச்சலில் (ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருவது) கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்ட மாட்டை எந்தக் கிளினிக்குக் கொண்டுபோவது? கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே, கழுத்து ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். ஏப்பம் விட்டு, சாணி போட்டால் நமக்கும் மூச்சு வரும். போனில் சொல்லிக்கொடுக்கிற வேலையா இது?

மனுவில் இதையே எழுதினேன். தாலுகா அலுவலகத்தில் கலெக்டர் ஆபீஸைக் கைகாட்டினார்கள். அங்கே துறைக் கடிதம் கேட்டார்கள். துறையிலோ, "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே சார்." கடைசியில் ஓர் அதிகாரி, இன்னின்ன கிராமங்களில் சிகிச்சை பார்க்கும் பதிவுபெற்ற மருத்துவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதம், பதிவுச் சான்று, ஆர்.சி. புத்தக நகல், அந்த ஒரு வரியை அடிக்கோடிட்ட வழிகாட்டுதல் நகல், இத்தனையும் வைத்த பிறகு பைக் நம்பர் போட்ட பாஸ் கிடைத்தது.

போலீஸிடம் அதைவிட நன்றாக எடுபட்டது பால் சொசைட்டி செயலாளர் கொடுத்த கடிதம். அவரை எல்லாருக்கும் தெரியும், உள்துறையை யாருக்குத் தெரியும்?

காவிரி ஆற்றைத் தாண்டினால் ஈரோடு மாவட்டம், அங்கே இந்தப் பாஸ் செல்லவில்லை. ஜூனில் கொஞ்ச நாள் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கினார்கள். செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றாகும் வரை, பாலத்துக்கு அந்தப் பக்கத்து மாடுகளை ஈரோட்டு ஜூனியர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன். அதில் பாதிப் பேர் இன்னமும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.