கொட்டில் குறிப்புகள்: தேங்காயிலிருந்து எள்ளுக்கு

யூன் 14
தேங்காய்ப் புண்ணாக்கு திரும்பவும் விலை ஏறிவிட்டது. புத்தளம், குருநாகல் பக்கம் தேங்காய் குறைந்தால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மூட்டை விலை கூடும். லொறிக் கூலி அதற்கு மேலே. இங்கேயோ, நெல் வெட்டின வயலில் விதைத்த எள்ளு அடித்துக் காய்ந்து செக்குக்குப் போகிற காலம் இது. பக்கத்து ஊரில் பிழிந்த சக்கை கிடக்க, தெற்குக்கு ஏன் காசு அனுப்புவான்? வீட்டில் மூன்று கறவை, ஒரு நாகு. இவற்றுக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன்.

யூன் 16
கணக்கை முதலில் எழுதி வைக்கிறேன். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 20 அளவில். எள்ளுப் புண்ணாக்கில் 35 முதல் 45 வரை, பிழிகிற விதத்தையும் தோலையும் பொறுத்தது. ஆக, ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கை நிறுத்தினால் அரைக் கிலோ சொச்சம் எள்ளுப் புண்ணாக்கு போதும். மிச்சத்துக்குத் தவிடு. கிலோவுக்குக் கிலோ விலை பார்க்கிறவர்கள் எள்ளு விலை கூட என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். ஒன்றரை மடங்கு விலையானாலும் எனக்குக் கட்டும்.

யூன் 19
செக்கடிக்குப் போனேன். அங்கே மரச்செக்குச் சக்கையும் உண்டு, இயந்திரத்தில் இறுக்கிப் பிழிந்த சக்கையும் உண்டு. நான் இரண்டாவதைக் கேட்க, செக்குக்கார அண்ணைக்கு ஆச்சரியம்.
"எண்ணெய் நிண்டாத்தானே தம்பி மாட்டுக்குச் சத்து? உந்தக் காய்ஞ்சதை ஏன் கேக்கிறீர்?"
ஊரில் எல்லோருக்கும் இதே நம்பிக்கை. கையில் பிடித்து நசுக்கி, விரலில் எண்ணெய் மினுங்கினால் நல்ல புண்ணாக்கு. செக்குச் சக்கையில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் எண்ணெய் நிற்கும். கொஞ்சமாய்க் கொடுத்தால் அது பலம்தான். ஆனால் மாடு தின்கிற மொத்த உலர் தீனில் கொழுப்பு ஆறு, ஏழு சதவீதத்தைத் தாண்டினால், பெருவயிற்றில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். எங்கள் மாடுகள் வைக்கலிலும் கிழித்துப் போடுகிற பனையோலையிலும் வாழ்கிறவை. நார் செரிக்காவிட்டால் தின்றதெல்லாம் வீண், பாலில் கொழுப்பும் விழும். எண்ணெய் கூடின சக்கை கெதியில் காறியும் போகும்.
காய்ந்ததையே வாங்கி வந்தேன். அண்ணை இன்னும் நம்பவில்லை.

யூன் 27
முதலில் ஒரு பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டுகிறேன். முழுதாய் மாற்ற இரண்டு கிழமையாவது வேண்டும். வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டமும் பழக வேண்டுமே. சிவப்பி மட்டும் மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி நிற்கிறாள். மற்றவை வாளியை நக்கி வைக்கின்றன.
இரவே ஊறப் போடுகிற வழக்கத்தையும் விட்டாயிற்று. இந்த வெக்கையில் விடிய அது புளித்து நுரைத்துவிடுகிறது. தீன் வைக்கும் நேரத்தில் நனைத்தால் போதும்.

யூலை 11
எதிர்வீட்டு மாமி எங்கள் பாலில்தான் தயிர் கடைகிறவர். இன்றைக்கு வேலியடியில் நின்று கேட்டார்: "மாட்டுக்கு என்னடாப்பா மாத்தினனீ? வெண்ணெய் திரளுது, ஆனா உருண்டையா நிக்குதில்லை. கையில ஒட்டுது."
மாமியிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை! தேங்காய்ப் புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயை இறுக வைக்கும். நல்லெண்ணெய் அப்படியில்லை, எள்ளுப் புண்ணாக்கு கூடினால் வெண்ணெய் இளகும். நெய் உருக்குகிறவருக்கு இதனால் நட்டமில்லை. ஆனாலும் மாமியின் வெண்ணெய்க்காகத் தேங்காயில் கால் பங்கைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். ஒரே புண்ணாக்கில் மாட்டைக் கட்டிவைக்காமல் கலந்து கொடுப்பது நல்லதுதான்.

யூலை 30
கச்சான் (நிலக்கடலை) புண்ணாக்கு மலிவாய் வந்திருக்கிறது என்று ஒருவர் மூட்டையோடு வாசலுக்கே கொண்டுவந்தார். புரதத்தில் எள்ளுக்குக் குறைந்ததல்ல. ஒரு மூலையில் சாம்பல் பூத்திருந்தது, பூஞ்சண மணமும் அடித்தது. வேண்டாம் என்றேன். "தட்டிப்போட்டு வெயிலில காயவைச்சாச் சரிதானே" என்றார்.
சரியில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தேடிப் போய்ப் பிடிபட்டது பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்லாரொக்சின் என்று பெயர் வைத்தார்கள். கறவை மாடு அதைத் தின்றால் ஒரு நாளுக்குள் அதன் ஒரு பங்கு உருமாறிப் பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது. உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்கிரோகிராம் வரைதான் விடுகிறது. ஐரோப்பாவில் அதிலும் பத்தில் ஒன்று. தின்னக் கொடுப்பதை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் தெளிந்துவிடும். ஆனால் அதற்குள் குடித்த பிள்ளைகள்?
எள்ளுக்கும் பூஞ்சணம் பிடிக்கும். கச்சானுக்கு மட்டும் உள்ள நோயல்ல இது.

ஓகஸ்ட் 18
நல்லூர்த் திருவிழா. ஊரே மரக்கறிச் சாப்பாட்டில் இருக்கிறது, பாலும் தயிரும் போதாது. பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்புக் குறையவில்லை. அளவு சற்றே கூடியிருக்கிறது, ஆனால் அதில் எள்ளுக்கு எவ்வளவு, புல்லு வளர்க்கும் எங்கள் துண்டு நிலத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எள்ளுத் தோலில் உள்ள ஒக்சலேற்று என்ற பொருள் கல்சியத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் கனியுப்புக் கலவையை விடாமல் வைக்கச் சொன்னார் மிருக வைத்தியர்.

செப்ரெம்பர் 9
கோயம்புத்தூரில் இருக்கிற மச்சான் பருத்திக்கொட்டையைப் புகழ்கிறான். அங்கே அது மலிவு. வளர்ந்த மாட்டின் பெருவயிறு அதிலுள்ள கொசிப்போல் என்ற நஞ்சைத் தாங்கும், கன்று தாங்காது. வேம்பு, இலுப்பைப் புண்ணாக்குகள் எங்கள் வீட்டில் தோட்டத்துக்கு மட்டும். இலுப்பைச் சக்கையைக் குளத்தில் போட்டு மீன் கொல்கிறவர்கள் உண்டு, அதைக் கொட்டில் பக்கமே வைப்பதில்லை.

ஒக்ரோபர் 20
மழை தொடங்கிவிட்டது. மூட்டைகளைச் சுவரில் சாத்தாமல் பலகை மேல் ஏற்றியாயிற்று. இனி ஒரு மூட்டை முடிந்த பிறகுதான் அடுத்தது. செக்கில் இருப்பது யூனில் பிழிந்த சரக்கு, மணந்து பார்த்தால் காறத் தொடங்கியிருக்கிறது. அண்ணை விலை குறைக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. அடுத்த யூன் வரைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும்தான், விலை எப்படியோ. புது எள்ளு வந்ததும் நாகுக்கும் சேர்த்துக் கேட்டு வைத்திருக்கிறேன்.