பெரியகுளத்துக் குழாய்த் தண்ணியத் தேடி: பழனி மலையில ஆறு நாள்

ஜனவரி 20, திங்கள். கொடைக்கானல், ராத்திரி 9 மணி

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவ அப்படியே லீவ ஒரு வாரம் நீட்டிட்டேன். பெரியகுளத்துல எங்க வீட்டு மொட்டமாடில நின்னு வடக்க பாத்தா மலைதான், ராத்திரில உச்சில கொடைக்கானல் லைட்டு மினுக்மினுக்குனு தெரியும், அதப் பாத்துக்கிட்டேதான் நானும் தம்பியும் வளந்தோம். ஆனா மலைக்குப் போறதுன்னா பஸ்ல போயி ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு சாக்லேட் வாங்கிட்டு எறங்குறது, அவ்வளவுதான். நடந்து பாத்ததே இல்ல.

இந்தத் தடவை போகணும்னு தோணுனதுக்குக் காரணம் அம்மா. கோயம்புத்தூர்ல இருந்து வந்து ரெண்டு நாளா நான் சிறுவாணித் தண்ணி புராணம் பாடிட்டு இருந்தேன். அம்மா பருப்பக் கழுவிக்கிட்டே "பேரிஜம் தண்ணிக்குப் பருப்பு எப்புடி வேகுது பாரு, பஞ்சா மலந்துரும், ஒன் சிறுவாணில வேகுமா"ன்னு கேட்டுச்சு. நாப்பது வருசமா அந்தத் தண்ணிலதான் ஒல வைக்குது, ஆனா அந்த ஏரிய அம்மாவும் பாத்ததில்ல நானும் பாத்ததில்ல. சரி, தண்ணி எங்கிருந்து வருதோ அங்க போயிட்டு, அது எறங்குற மாதிரியே நாமளும் நடந்து எறங்கி வருவோம்னு நானும் தம்பியும் முடிவு பண்ணிட்டோம்.

மதியம் கவர்மெண்ட் பஸ். தேவதானப்பட்டி, காட்ரோடு, அப்பறம் மலை. சொந்த வண்டின்னா இப்ப இ-பாஸ் எடுக்கணும், பஸ்ல போனா வேணாம். வெள்ளி அருவிகிட்ட பஸ் கொஞ்ச நேரம் நின்னுச்சு, எறங்கி நின்னு பாத்தோம், 180 அடி, கொடைக்கானல் ஏரி வழிஞ்சு வர்ற தண்ணிதான் அது. அந்த ஏரி தானா உண்டானது இல்ல, 1863ல லெவிஞ்ச்னு ஒரு மதுரைக் கலெக்டர் ஓடைய மறிச்சுக் கட்டுனது. பாலித்தீன் இப்ப எவ்வளவோ கொறஞ்சிருக்கு, சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி வச்சிருந்தா ஒண்ணுக்கு 20 ரூவா பசுமை வரின்னு போட்டதுல இருந்து எல்லார் கையிலயும் ஸ்டீல் பாட்டில். பாக்கவே சந்தோசமா இருந்துச்சு.

குளுருது. போர்வைக்குள்ள இருந்துதான் எழுதுறேன்.

ஜனவரி 21, செவ்வாய். மன்னவனூர்

காலைல 5 மணிக்கே ஜீப்பு. பூம்பாறைய விடிஞ்சதும் விடியாததுமா மேல ரோட்டுல நின்னு பாத்தோம், படிக்கட்டு மாதிரி வயக்காடு, நடுவுல ஓட்டு வீடு கூட்டமா, குழந்தை வேலப்பர் கோயில், வீட்டுக்கு வீடு அடுப்புப் புகை. பூண்டு, கேரட், உருளைக்கெழங்கு. இந்த மலைப்பூண்டுக்கு இப்ப புவிசார் குறியீடு இருக்கு, டீக்கடை அக்கா ஒரு பூண்ட நசுக்கி மூக்குகிட்ட நீட்டுனாங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. கால் கிலோ வாங்கிருக்கேன், பை முழுக்க அந்த வாசம்தான்.

மன்னவனூர் போய்ச் சேந்தப்ப வெயில் இன்னும் தரைக்கு வரல. ஏரிக்கரைப் புல்லு பூரா வெள்ள வெளேர்னு இருந்துச்சு. உறைபனி. குனிஞ்சு ஒரு புல்லப் புடுங்கிப் பாத்தேன், ஓரம் பூரா உப்புக்கல்லு ஒட்ட வச்ச மாதிரி பொடிப்பொடியா ஐஸு, வெரல் பட்டதும் ஒரு சொட்டுத் தண்ணியாயி நகக்கண்ணுல நின்னுச்சு. வெயில் வர வர அந்த வெள்ளை பின்வாங்கிட்டே போச்சு, நெழல் எதுவரைக்கும் இருக்கோ அதுவரைக்கும் வெள்ளை, அந்தக் கோட்டுக்கு இங்கிட்டு பச்சை.

இந்த உறைபனிதான் இங்க புல்லக் காப்பாத்துதுன்னு கூட வந்த அண்ணன் சொன்னாரு. மேட்டுல மரக்கன்னு மொளச்சாலும் பனில கருகிரும், அதனால மேடு பூரா புல்லு, பனி அண்டாத மடிப்புல மட்டும் சோலைக்காடு. நான் இத்தன நாளா யாரோ மரத்த வெட்டித்தான் மலை மொட்டையாச்சுன்னு நெனச்சேன். அந்தப் புல்வெளியே ஒரு காடுதான், காலங்காலமா அப்படியே இருக்குறது. அத வெறும் தரிசுன்னு நெனச்சுத்தான் தோல் பதனிடப் பட்டை வேணும், மரக்கூழு வேணும்னு வாட்டில், யூக்கலிப்டஸ், பைன்னு நட்டு மூடிட்டாங்க. இன்னும் புல்லா இருக்குற எடம் கொஞ்சம்தான், மன்னவனூர் அதுல ஒண்ணு.

ஆட்டுப் பண்ணைல பாரத் மெரினோ ஆடுக மேஞ்சுட்டு இருந்துச்சு, மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம். ஏரிச் சுத்தி பொறுமையா நடந்தோம். பரிசல் இருந்துச்சு, ஏறல. சாயந்தரமாத்தான் திரும்புனோம்.

ஜனவரி 22, புதன். பேரிஜம்

இன்னிக்கு எழுத நெறைய இருக்கு.

காலைல பாரஸ்ட் ஆபீஸ்ல அனுமதி வாங்குனோம். ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு கணக்கு இருக்கு, சீக்கிரம் போனாத்தான் கெடைக்கும், மதியத்துக்கு மேல தங்க விடமாட்டாங்க. அந்தக் காலத்துல கொடைக்கானல்ல இருந்து மூணாறு போற ரோடு இதுதான், இப்ப அந்தப் பக்கம் மூடிருச்சு. 2013ல இந்தக் காடெல்லாம் வனவிலங்கு சரணாலயம் ஆயிருச்சு. அதனால கட்டுப்பாடு ஜாஸ்தி, இருக்கட்டும், அதுதான் நல்லது.

வழில தொப்பித் தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை. தொப்பியத் தூக்கிப் பள்ளத்துல போட்டா காத்து திருப்பி மேல கொண்டாந்துரும்னு பேரு, காட்டுக்குள்ள ஏதும் எறியக்கூடாதுன்னு தம்பிய நான் விடல. மதிகெட்டான் சோலைக்குள்ள போனவன் வழி தெரியாம மதி கெட்டு அலைவான்னு சொல்வாங்க, மேல இருந்து பாத்தா நம்பத் தோணும், அவ்வளவு அடர்த்தி. ஒரே பச்சை இல்ல, கரும்பச்சை, செம்பு நெறம், இளஞ்சிவப்புத் தளிரு எல்லாம் பூக்கோசு அடுக்குன மாதிரி உருண்டு உருண்டு நிக்கிது.

ரோட்டோரமாவே சோலைக்குள்ள பத்தடி போக விட்டாங்க. மரத்துப் பட்டையே தெரியல, பூரா பாசி, பாசி மேல பெரணி, அதுமேல ஆர்க்கிட். கீழ உக்காந்து எலைச்சருகு ஒரு கை அள்ளுனேன், மேல காஞ்ச எல, அதுக்குக் கீழ பாதி மக்குனது, அதுக்கும் கீழ காப்பித்தூள் மாதிரி கருப்பு மண்ணு. பெணஞ்சு கசக்குனேன். வெரலிடுக்குல தண்ணி சொட்டுச்சு. நல்ல மழை பேஞ்சு வாரக்கணக்கா ஆயிருக்கு, இன்னும் சொட்டுது! அப்பறம் திரும்பி வர்ற வழில பைன் மரத்தடில அதே மாதிரி அள்ளிப் பாத்தேன், ஊசி எல மட்டும்தான், கீழ மண்ணு தூசியாப் பறக்குது. போட்டோ எடுக்கன்னு அந்தப் பைன் காட்டுலதான் எல்லாரும் நிக்கிறாங்க, நானும் போன தடவை நின்னவதான். இனிமே என்னால அப்படி நிக்க முடியும்னு தோணல.

ஏரி. என்னன்னு சொல்ல. சத்தமே இல்ல, அலை இல்ல, அந்தப் பக்கத்துக் காடு தலகீழா தண்ணிக்குள்ள. கரையில ஒரு எடத்துல காட்டுமாடு கொளம்பு பதிஞ்சு அந்தக் குழியிலயும் தண்ணி. எங்க ஊருக்குக் குடிக்கத் தண்ணி இங்கிருந்துதான் வருது, எனக்கு முத முதல்ல வாயில வச்ச தண்ணியும் இதாத்தான் இருக்கும். தம்பி ஒண்ணும் பேசாம செருப்பக் கழட்டி வச்சிட்டு நின்னான். நான் அழுதேன், எழுதுறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

ஒரு வேன் வந்து நின்னு ஸ்பீக்கர்ல பாட்டு போட்டாங்க. பாரஸ்ட் கார்டு வந்து அணைக்கச் சொன்னாரு, அணைச்சுட்டாங்க. அதுக்கப்பறம் கேட்டுச்சு, சோலைக்குள்ள இருந்து ஒரு பறவை விசில் மாதிரி எறங்கி எறங்கிக் கூப்புட்டுச்சு, பழனி சிலம்பன்னு கார்டே சொன்னாரு. நம்ம மலைப் பேரையே வச்ச பறவை. கண்ணுல படல.

குறிஞ்சிப் பொதரும் காட்டுனாரு, இப்ப வெறும் பச்ச எலதான். 2006ல பூத்தப்ப நான் காலேஜு, 2018ல மக கைக்கொழந்தை, இனி 2030. அப்ப அவள நடக்கக் கூட்டியாரணும்.

ஜனவரி 23, வியாழன். வட்டக்கானல்

நாளைக்கு எறங்கணும், அதனால இன்னிக்கு கம்மியா நடந்தோம். பாம்பார் சோலை ஓரமா பாம்பார் அருவி வரைக்கும், அப்பறம் டால்பின் நோஸ் பாறை. பாறைல நின்னா கீழ கெடுகெடு பள்ளம், அங்கன பெரியகுளம் பக்கம் கண்மாயி வெயில்ல தகடு மாதிரி மின்னுது. விளிம்பு வரைக்கும் போயி செல்பி எடுக்குற பசங்களப் பாத்தா வயித்தக் கலக்குது, கம்பி எதுவும் கெடையாது, தயவுசெஞ்சு உள்ளதள்ளி நில்லுங்கப்பா.

பாம்பார் சோலையப் பாத்துக்க வட்டக்கானல் கன்சர்வேஷன் ட்ரஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர்னு இங்கிலாந்துல இருந்து வந்து இங்கயே தங்கிட்ட ரெண்டு பேரு ஆரம்பிச்சது. சோலை மரக் கன்னுகள நர்சரில வளத்து நட்டுருக்காங்க. இன்னொரு விசயம் எனக்கு ரொம்பப் புடிச்சுது, வாட்டில் காடு வயசானப்பறம் அதோட நெழல்லயே சோலைக் கன்னுக தானா மொளச்சு வருதாம், ஒரு எடத்துல கண்ணாலயே பாத்தேன், வாட்டிலுக்குக் கீழ முட்டி ஒசரத்துக்குப் புதுசா சோலை. அதனால வாட்டில மொத்தமா வெட்டித் தள்ளுறதும் சரியில்ல போல, எங்க எடுக்கணும் எங்க விடணும்னு தெரிஞ்சவங்கதான் கைவைக்கணும்.

ஜனவரி 24, வெள்ளி. வெள்ளகவி வழியா கும்பக்கரை

அனுமதி வாங்கி, வெள்ளகவிக்காரர் ஒருத்தரு துணையோட காலைல 6 மணிக்குக் கெளம்புனோம். தனியா யாரும் எறங்காதீங்க. 2018 மார்ச் 11ல மலையேறப் போனவங்க மாட்டிக்கிட்ட குரங்கணிக் காட்டுத் தீய எங்க மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டோம், போடி ஆஸ்பத்திரி வாசல்ல அன்னிக்கு நின்ன கூட்டம் இன்னும் கண்ணுல இருக்கு. வெயில் காலத்துல காஞ்ச புல்லுக்குள்ள நடக்குறது வேற, இப்ப நடக்குறது வேற. 2024 அக்டோபர்ல அரசாங்கமே மலையேற்றத்துக்கு 40 பாதை தெறந்து, ஆன்லைன்ல பதிவு, உள்ளூர் ஆளுகளே வழிகாட்டின்னு கொண்டாந்தாங்க, அது ரொம்ப நல்ல ஏற்பாடு.

எறக்கம் கொஞ்ச நஞ்சமில்ல. ஏழாயிரம் அடி ஒசரத்துல இருந்து அடிவாரம் வரைக்கும் ஒரே நாள்ல. ரெண்டாவது மணி நேரத்துல எனக்கு முட்டி நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் ஒரு கம்ப வெட்டிக் குடுத்து "குதிக்காதம்மா, பக்கவாட்டுல கால வச்சு எறங்கு, கம்ப முன்னாடி ஊனு"ன்னாரு. அதுக்கப்பறந்தான் சரியாச்சு.

வெள்ளகவி எல்லைல செருப்பக் கழட்டணும். ஊரே கோயில் மாதிரி, வீட்டுக்குப் பக்கத்துல வீடு கோயிலுக்குப் பக்கத்துல கோயிலு, ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடுறதில்ல. வண்டி போற ரோடு கெடையாது. அரிசி பருப்பு குதிரைலதான் வருது, காப்பியும் மெளகும் ஆரஞ்சும் குதிரைலதான் போகுது. ஒரு வீட்டுத் திண்ணைல பாட்டி ஒண்ணு "வாத்தா, உக்காரு"ன்னு கருப்பட்டிக் காப்பி குடுத்துச்சு. காசு நீட்டுனதுக்குக் கைய மடக்கிவிட்டுருச்சு. ஒடம்புக்கு முடியலைன்னா டோலி கட்டித் தூக்கிட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டு, நடுராத்திரி மருமகளத் தூக்கிட்டுப் போன கதையச் சொன்னுச்சு. ஒத்தையடிப் பாதைய நாம அழகா இருக்குன்னு படம் புடிக்கிறோம், அவங்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போற வழி. அந்தத் திண்ணைல எனக்குக் கேமராவ எடுக்கவே மனசு வரல.

ரோடு வர்றதுக்கு முன்னாடி, அதாவது 1914க்கு முன்னாடி, கொடைக்கானலுக்கே எங்க ஊர்ப் பக்கமா நடந்தும் டோலிலயும்தான் ஏறிருக்காங்க. 1845ல அங்க முதல் வீடு கட்டுன அமெரிக்கப் பாதிரிமாரும் அப்படித்தான்.

கீழ வர வர காடு மாறுது, குளுரு போயி காப்பித் தோட்டம், அப்பறம் மூங்கி, அப்பறம் முள்ளும் பாறையும் வெக்கையும். மரத்து மேல மலையணில் ஒண்ணு வாலத் தொங்கவிட்டு எங்களையே பாத்துச்சு. சாயந்தரம் நாலரைக்கு கும்பக்கரைச் சத்தம் கேட்டுச்சு. நேத்து வட்டக்கானல்ல பாத்த அதே பாம்பார்த் தண்ணி! எங்களுக்கு முன்னாடியே வந்து பாறைல விழுந்துட்டு இருக்கு. யானைக் கெஜம், உரல் கெஜம், பாம்புக் கெஜம்னு சின்ன வயசுல பயந்து பயந்து எட்டிப் பாத்த குழிக. கீழ் அருவில காலத் தொங்கப்போட்டு உக்காந்தேன். முட்டி வலி அப்படியே மரத்துப்போச்சு.

ஜனவரி 25, சனி. பெரியகுளம்

மாடிப்படி ஏற முடியல. எண்ணெ தேச்சுவிட்டுக்கிட்டே அம்மா கேள்வி மேல கேள்வி. ஏரி எம்புட்டுப் பெருசு, தண்ணி என்ன நெறம், மீனு இருக்கா. போன்ல படத்தக் காட்டுனேன், கண்ணாடியப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்பறம் "ஜீப்பு ஏரிக்கரை வரைக்கும் போகுமா, நடக்க வேணாம்ல?"ன்னு கேட்டுச்சு.

தம்பி பாரஸ்ட் ஆபீஸ்ல விசாரிக்கிறேன்னு சொல்லிருக்கான். வெயில் ஏர்றதுக்குள்ள, பிப்ரவரி மொத வாரம்.