ஊதா நிறத்துக்குள் எங்கள் தோட்டம்

போன வாரம், எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்ட வரைவைப் பார்க்க உள்ளூராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய தோட்டம் முழுக்க ஊதா நிறம், அதாவது தொழிற்பேட்டை. செம்பனை போனால் போகட்டும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோவில், ஆலமரம், தாத்தா பாட்டியைப் புதைத்த இடுகாடு எதற்கும் ஒரு புள்ளிகூட இல்லை. கவுண்டரில் கேட்டால், “பட்டாவில் இல்லாதது படத்தில் வராது, அங்கிள்.” அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்ய!

மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். பின்னால் புல்டோசர் முன் படுத்துப் பயனில்லை, திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் கட்டட அனுமதியெல்லாம் அதை ஒட்டித்தான். உள்ளூராட்சித் தேர்தலும் 1965-இலேயே நின்றுபோனது, மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, ஆக ஓட்டைக் காட்டிக் கேட்கவும் வழியில்லை. மிச்சம் இந்தப் பாரம்தான், அதாவது ஆட்சேபம் எழுதும் படிவம்.

அப்புறம், படத்தில் விட்டுப்போனதைக் கேட்டறிய, சாப்பாட்டுக் கடையில் தோட்டத்துக் கணக்கரான பழைய கிராணி ஐயாவைப் பிடித்தேன். தே ஆறிப்போனது, மனிதர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லய வரிசைகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை, கிணறு, கோவில் என்று அடி கணக்கோடு வரைந்து தள்ளிவிட்டார். “இடுகாட்டுக்கு வடக்கே வாய்க்கால்டா, அதை விட்டுடாதே” என்று இரண்டு முறை சொன்னார்.

ஆட்சேபம் எழுத இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பாரங்களோடு வருகிறேன், அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள்.