இரண்டு நூலும் ஒரு விண்ணும்

போன ஞாயிறு லண்டன் பிளாக்ஹீத் திடலில் ஒரு பெடியன் வந்து, "அங்கிள், பட்டம் ஒன்று வாங்கப் போகிறேன், இது நல்லதா?" என்று கைபேசியை நீட்டினான். எங்கள் ஆட்களின் பிள்ளைதான். கறுப்பும் சிவப்புமாக அம்பு முனை போல ஓர் இருநூல் பட்டம், கைக்கு ஒரு நூலாகப் பிடித்துத் திருப்புகிற வகை, விலை எழுபது பவுண். "இதுக்கு முதல் விட்டிருக்கிறியா?" என்றேன். சின்ன வயதில் ஒருக்கால் ஊருக்குப் போனபோது மாமா நூலைக் கையில் தந்தாராம். நான் சொன்னதில் பாதி காற்றோடு போய்விட்டது. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரன். மார்கழி பிறந்து காற்று வடகிழக்கில் இருந்து பிடித்துவிட்டால் எங்களுக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, சாப்பாடும் தெரியாது. மூங்கிலைச் சீவி, விரலில் வைத்து நிறை பார்த்து, கோதுமை மாப் பசையில் மெல்லிய ரிசுத்தாள் ஒட்டி, முச்சை (பட்டத்தையும் ஏற்றும் நூலையும் இணைக்கிற கட்டு) கட்டி ஏற்றுவோம். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி என்று எத்தனை வகை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்க்கச் சைக்கிளில் போவோம். விண் என்றால் பட்டத்தில் கட்டுகிற, காற்றில் கூவும் வில். இரவில் விண் பூட்டிய பட்டத்தைப் பனையில் கட்டி விட்டுவிட்டால் விடியும் வரை கூவிக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தத்தில் நித்திரை கொண்டு வளர்ந்தவனுக்குப் பட்டத்தில் யார் என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு நிறைய இருந்தது.

அந்த எண்ணத்தோடுதான் முதல் இருநூல் பட்டத்தை வாங்கினேன். ஏற்றி முப்பது விநாடி இருக்கும். தலைகீழாகத் திரும்பியது. பதறிப்போய் இரண்டு கையாலும் வெட்டி இழுத்தேன். முகம் நிலத்தைப் பார்த்து நிற்கிற பட்டத்தை இழுத்தால் அது நிலத்துக்குத்தானே போகும்! மூக்கால் குத்தி, முன்விளிம்பில் ஓடும் காபன் குழாய் முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவருக்குக் கேட்டிருக்கிறது. "முன்னுக்கு ஓடியிருக்க வேண்டும்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் ஊரிலும் அதுதான் செய்தோம். பட்டம் குத்துக்கரணம் அடித்தால் நூலை இளக்குவோம், அது தலையை நிமிர்த்தியதும் இழுப்போம். இருநூலில் இளக்குவதற்குச் சுருள் கையில் இல்லை, இருபத்தைந்து மீற்றர்தான் நூல். அதனால் கால்தான் சுருள். காற்றைக் குறைக்க முன்னுக்கு நட, கூட்டப் பின்னுக்கு நட. இதைக் கால் பழகுவதற்கு எனக்கு மூன்று வார இறுதிகள் போயின.

அந்தப் பெரியவரிடம் ஒரு பழைய பீற்றர் பவல் பட்டம் இருக்கிறது. பீற்றர் பவல் என்ற ஆங்கிலேயர் 1972இல் வடிவமைத்த, கையால் திருப்பக்கூடிய சாய்சதுரப் பட்டம். நீண்ட குழாய் வால் காற்றால் ஊதிப் போய், வானத்தில் வட்டம் போட்டால் அந்த வட்டத்தை அப்படியே வரைந்து காட்டும். இப்போதைய டெல்டா, அதாவது முக்கோண வடிவப் பட்டங்களோடு ஒப்பிட்டால் வேகம் குறைவு, திருப்பமும் மந்தம். ஆனால் அழகு என்றால் எனக்கு இன்னும் அதுதான்.

சரி, எதை வாங்குவது? நிறத்தை விடு. நீ விடப்போகிற இடத்தின் காற்றைப் பார். மர இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர். முதற்பட்டத்துக்கு, ஒருநூலோ இருநூலோ, அந்தக் காற்றுப் போதும். தூசியும் கடதாசியும் கிளம்பினால் 20ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். படிக்கிறவன் அன்றைக்கு வீட்டில் இருக்கலாம். கடைப்பெட்டியில் காற்றின் அளவு எழுதியிருப்பார்கள். அதில் கீழ் எண்ணைக் கொஞ்சம் நம்பாதே. அரைக் காற்றில் பட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறவன் பத்து வருடம் பழகியவனாக இருப்பான்.

ஒருநூலில் தொடங்குகிறவனுக்கு நான் டெல்டாவைத்தான் சொல்வேன். நடுவில் தொங்கும் முக்கோணத் துணியிலேயே நூலைக் கட்டுவதால் முச்சை என்ற தலையிடி இல்லை. குறைந்த காற்றிலும் ஏறும். குச்சியே இல்லாத, காற்றை விழுங்கித் தலையணைபோல உப்புகிற பட்டங்களும் உண்டு. பையில் சுருட்டிக்கொண்டு போகலாம், விழுந்தாலும் முறிய ஒன்றும் இல்லை. சாய்சதுரம் வாங்கினால் வாலைக் கழற்றாதே. முச்சை உள்ள பட்டம் என்றால் முடிச்சை நகர்த்திப் பார். ஒரு விரல் அகலம் மூக்குப் பக்கம் ஏற்றினால் பட்டம் காற்றில் கூடப் படுக்கும், இழுவை குறையும், தலைக்கு மேலே வரப் பார்க்கும். கூட ஏற்றினால் எழும்பவே மாட்டாது. கீழே இறக்கினால் கையைப் பிய்க்கிற மாதிரி இழுக்கும், ஆனால் உயரம் பிடிக்காது. இதைச் சொல்லித் தந்த என் பெரியப்பா அளவுகோல் தொட்டதில்லை. நூலைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு முடிச்சை நகர்த்துவார்.

இருநூல் என்றால் பட்டத்தைவிட நூலைத்தான் முதலில் கேட்பேன். மலிவான பெட்டிகளில் இழுபடுகிற நூலைப் போட்டுத் தருவார்கள். நீ வலது கையை இழுப்பாய், நூல் நீண்டு கொடுக்கும், பட்டம் ஒரு கணம் கழித்துத்தான் திரும்பும். டைனீமா என்ற செயற்கை இழை நூல் இழுபடாது, வழுக்கும். ஐந்தாறு சுற்றுச் சுற்றி இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டாலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பட்டம் சொன்னபடி கேட்கும். ஒரு குறை, சூடு தாங்காது. வேறு யாருடைய நூலாவது குறுக்கே உரசினால் உருகி அறுந்துவிடும். வெறும் விரலால் பிடிக்கவும் கூடாது, வெட்டும். இரண்டு நூலும் ஒரே நீளமா என்று மாதம் ஒருக்கால் ஆணியில் மாட்டி இழுத்துப் பார். இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தாலே பட்டம் ஒரு பக்கமாகச் சரியும். நீ பாவம், உன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

ஏற்றுவது லேசு. காற்றை முதுகில் வாங்கு. பட்டத்தை இரண்டு இறக்கை நுனியிலும் நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து வை. இரண்டு கையையும் இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓரடி பின்னுக்கு எடு. ஏறிவிடும். அப்புறம் சைக்கிள் ஹாண்டில்போலக் கையை ஆட்டாதே. வலதை ஒரு சாண் இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான். நேர் முன்னால் இழுவை முழுதாக இருக்கும். இரண்டு ஓரங்களுக்கும் உச்சிக்கும் போகப் போகச் செத்துக்கொண்டு வரும். களைத்தால் உச்சியில் நிறுத்து. இறக்குவதற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தாழ்த்து.

இடம் முக்கியம். பார்லிமென்ற் ஹில்லைப் பட்டக் குன்று என்றே லண்டன்காரர் சொல்வார்கள். ஒருநூலுக்கு அருமை. ஆனால் இருநூல் பட்டத்தை அங்கே கொண்டுபோகாதே. இடமும் வலமுமாக ஐம்பது மீற்றர் வீச்சில் வேகமாகப் பாய்கிற சாமான், கீழே பிள்ளைகள், நாய்கள், சாப்பாட்டு விரிப்புகள். நான் பிளாக்ஹீத்தில் நிற்பது அதனால்தான். தட்டை நிலம், மரங்கள் தள்ளி. மரத்துக்குப் பின்னால் காற்று அதன் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்குக் கலங்கிக் கிடக்கும். இந்த நாட்டில் 60 மீற்றருக்கு மேலே விட அனுமதி இல்லை. விமான நிலையச் சுற்றுவட்டத்தில் 30தான். ஊரில் நூல் முடியும் வரை விட்ட எங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

போன மாதம் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். இரண்டரை மீற்றர் அகல டெல்டா ஒன்றுக்கு விண் பூட்டினேன். மூங்கில் வில், பார்சல் கட்டும் நாடாவைச் சீவி முறுக்கேற்றிய தந்தி. முதல் நாள் பாரம் தாங்காமல் பின்பக்கமாக இருந்துவிட்டது. அடுத்த கிழமை வில்லைச் சுருக்கி, வாலில் இரண்டு முழம் துணி கட்டினேன். ஏறியது. நாற்பது மீற்றரில் சத்தம் தொடங்கியது. ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது, பிறகு மூன்று நாய்கள். பெரியவர் தன் பட்டத்தை இறக்கிவிட்டு வந்து, பக்கத்தில் பேசாமல் நின்று கேட்டார். என் மகளுக்குப் பதினொரு வயது. "அப்பா, இதை இரவு முழுக்க விடலாமா?" என்றாள்.

கார் நிறுத்திய காசு முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நூலை அவள் கையில் கொடுத்துவிட்டு, காசு போடப் போனேன்.