எழுதாத அட்டை எனக்கு வேண்டாம்

30 செப்டம்பர் 2025, செவ்வாய்

நாளைக்கு உலக அஞ்சலட்டை தினம். நாளைக்கேதான் சரஸ்வதி பூஜையும். பேனாவும் புத்தகமும் சாமி முன்னால் போய்விட்டால் விஜயதசமி பூஜை முடியும்வரை ஒரு வரி எழுதக் கூடாது என்பது அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். அதனால் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு பரிமாறிக்கொள்ளும் அட்டைகளை இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். ஜெர்மனிக்கு ஒன்று, தைவானுக்கு ஒன்று, ஃபின்லாந்துக்கு ஒன்று.

1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் தபால் துறை முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. இமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் யோசனை அது. நாலு வரிச் சேதிக்கு எதற்கு ஒரு உறையும் முழுக் கடிதக் கட்டணமும் என்று அவர் கேட்டார். பத்தே வருஷத்தில், 1879 ஜூலை 1-இல், காலணா விலையில் இந்தியாவுக்கும் கார்டு வந்துவிட்டது. படமெல்லாம் பிற்பாடு சேர்ந்தது.

ஹெர்மான் கழற்றிய உறையை இப்போது சிலர் மறுபடி மாட்டச் சொல்கிறார்கள். அட்டை பரிமாறிக்கொள்பவர்களில் ஒரு சாரார், 'எதுவும் எழுதாமல், உறைக்குள் வைத்து அனுப்பவும்' என்று கேட்கிறார்கள். மூலை மடங்காது, கறை படாது, உண்மைதான். ஆனால் அப்படி வந்து சேர்வது கடையில் வாங்கிய ஒரு படம். ஊர் ஊராகக் கைமாறி வந்த தடயம் அதில் எங்கே?

தாராசுரம் அட்டை ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே அதைப் பெறப்போகிறவர் உலக மரபுச் சின்னங்களின் அட்டைகளைச் சேர்ப்பவர். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் சேர்ந்தன. அவரிடம் தஞ்சாவூர் இருக்கிறது, தாராசுரம் இல்லை. இங்கே கும்பகோணத்தில் நான் தேடிய கடைகளில் தாராசுரத்துக்கு ஒரு நல்ல பட அட்டை கிடைக்கவில்லை. நானே எடுத்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து 300 ஜிஎஸ்எம் கனமான அட்டையில் போட்டு வாங்கினேன். படப் பக்கம் மட்டும் லேமினேஷன். பின்பக்கமும் வழுவழுவென்று இருந்தால் பேனா மையும் ஒட்டாது, முத்திரை மையும் ஒட்டாது.

படம் ரிஷபகுஞ்சரம். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை தெரியும், மற்றதை மறைத்தால் காளை. 'இதைக் கையால் மறைத்துப் பாருங்கள்' என்று பின்னால் எழுதியிருக்கிறேன்.

3 அக்டோபர், வெள்ளி

மூன்றையும் தலைமைத் தபால் நிலையத்தில் நேரில் கொடுத்தேன். பெட்டியில் போட எனக்கு மனசு வராது. கவுன்டரில் இருக்கும் தம்பிக்கு என் வழக்கம் தெரியும்.

"டீச்சர், ஸ்டாம்பே பாதி இடத்தைப் புடிச்சிடுச்சே. எழுதுறதெல்லாம் எங்கே?"

"எழுதிட்டுத்தான் ஒட்டியிருக்கேன் தம்பி. தேதி தெரியற மாதிரி குத்துங்க."

மைப்பேடில் நன்றாக அழுத்தி, முதலில் ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அட்டையில் வைத்தார். வட்டம் முழுசாக விழுந்தது. கும்பகோணம், தேதி, எல்லாம் படிக்கும்படி. ஃபின்லாந்து அட்டையில் உ.வே.சா. தபால்தலை ஒட்டியிருக்கிறேன், 2006-இல் வந்தது. 1880-இல் இந்த ஊர்க் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தவர். அவர் முகத்தின் ஓரத்தில் கும்பகோணம் முத்திரை விழுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

16 அக்டோபர், வியாழன்

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "முன்னே பின்னே தெரியாதவங்க விலாசம் உங்களுக்கு எப்படி கெடைக்குது அத்தை?" அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

போஸ்ட்கிராஸிங் என்று ஒரு ஏற்பாடு. பாவ்லோ மகல்யாயிஷ் என்ற போர்ச்சுகல்காரர் 2005 ஜூலை 14-இல் தொடங்கினார். நாம் கேட்டால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவரின் விலாசத்தையும் ஒரு அடையாள எண்ணையும் தரும். அந்த எண்ணை அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். கிடைத்தவர் அந்த எண்ணைப் பதிந்ததும், நம் விலாசம் வேறொருவருக்குப் போகும். நாம் யாருக்கு அனுப்பினோமோ அவரிடமிருந்து வராது, யாரோ ஒருவரிடமிருந்து வரும். புதிதாகச் சேருபவர் ஒரே நேரத்தில் ஐந்து அட்டை அனுப்பலாம், போகப் போகக் கூடும். இதுவரை 7 கோடிக்கு மேல் அட்டைகள் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அறுபது நாள் தாண்டியும் பதிவாகாத அட்டையைக் காலாவதிப் பட்டியலில் போடுவார்கள். அதற்குப் பிறகு வந்து சேருவதும் உண்டு. அதை வைத்து நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். உறை இல்லாத ஒற்றை அட்டை கடல் தாண்டிப் போவதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

8 நவம்பர், சனி

"டீச்சர், இதென்ன மலை மாதிரி வெட்டி வெச்சிருக்கு? கட்டுல நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே தபால்காரர் நீட்டினார். ஃபூஜி மலை! ஜப்பான் தபால் துறையே விற்கும் 'கோதோச்சி' அட்டை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் அந்தந்த இடத்துச் சிறப்பு, அந்த உருவத்திலேயே வெட்டியிருப்பார்கள். 2009-இல் ஆரம்பித்தது. சதுரமாக இல்லாததால் தபால் கட்டணமும் கூடுதல்.

மலை உச்சி லேசாக மடங்கியிருந்தது. அதை நான் நிமிர்த்தவில்லை. திருப்பினால் செம்பழுப்பு மையில் ஒரு வட்ட முத்திரை, உள்ளே மலையும் ஏரியும் கோட்டுச் சித்திரமாக. அந்தந்த ஊர்க் காட்சியை முத்திரையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வருஷம் '7' என்று இருந்தது. ரெய்வா 7, அதாவது அவர்கள் மன்னராட்சிக் கணக்கில் 2025. கேட்டால்தான் குத்திக் கொடுப்பார்களாம். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி எனக்காகக் கவுன்டரில் நின்று கேட்டிருக்கிறார். உறைக்குள் வந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்குமா?

மாலையில் ஜெர்மனி அட்டை போய்ச் சேர்ந்த தகவலும் வந்தது. வீட்டில் எல்லோரும் கையால் மறைத்துப் பார்த்தார்களாம்.

23 நவம்பர், ஞாயிறு

திருச்சியில் நாணய, தபால்தலைக் கண்காட்சி. ஒரு மேஜையில் பழைய கொழும்பு அட்டைகள், பிளாட்டே கம்பெனி வெளியிட்டவை. அந்த ஊர்க் கடற்கரைத் திடலான காலி முகத்திடலின் படம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று எழுதாதது, பளிச்சென்று. இன்னொன்று 1904-இல் இங்கிலாந்துக்குப் போனது, எட்வர்ட் மன்னர் தலை, முத்திரை, ஓரமெல்லாம் பழுப்பு. எழுதாததற்குத்தான் விலை அதிகம் சொன்னார். நான் எழுதியதை எடுத்துக்கொண்டேன்.

அதில் எழுத்து எங்கே இருக்கிறது தெரியுமா? படத்துக்கு மேலேயே, வானம் இருக்கும் இடத்தில். அந்தக் காலத்தில் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும்தான். சேதியைப் படப் பக்கத்து வெள்ளையில்தான் நுணுக்கி எழுதியாக வேண்டும். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடதில் சேதி, வலதில் விலாசம் என்று பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது, ஜெர்மனி 1905-இல், அமெரிக்கா 1907-இல். இந்த அட்டை பழைய மாதிரி. 'மழை விட்டபாடில்லை. வியாழன் கப்பல் ஏறுகிறேன்' என்று ஆங்கிலத்தில் நெருக்கி எழுதி, இடம் போதாமல் கையெழுத்தைக் கடலில் போட்டிருக்கிறார். எழுதாத பிரதியில் காலி முகத்திடல் மட்டும் இருக்கிறது. இதில் அங்கே நின்ற ஒருவரும் இருக்கிறார்.

14 டிசம்பர், ஞாயிறு

பிரேசிலில் இருந்து நேரடிப் பரிமாற்றம் கேட்டவருக்குப் பதில் எழுதினேன். அவருக்கு உறைக்குள் வெற்று அட்டைதான் வேண்டுமாம். என்னால் எழுதி, தலை ஒட்டி, முத்திரையோடு மட்டும்தான் அனுப்ப முடியும் என்றேன். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். சரி, அவர் சேகரிப்பு அவர் விருப்பம்.

30 டிசம்பர், செவ்வாய்

டென்மார்க்கில் தபால் துறை கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது இன்றோடு முடிகிறது. 1624-இல் தொடங்கிய சேவை. 2000-க்குப் பிறகு கடிதங்கள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன என்று காரணம் சொல்கிறார்கள். தெருவில் நின்ற சிவப்புப் பெட்டிகளை ஜூனிலிருந்தே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி 'தாவோ' என்ற தனியார் நிறுவனம் கடிதங்களை எடுத்துப் போகும். அட்டை நின்றுவிடாது, ஆனால் நானூறு வருஷத் தபால் துறை ஒன்று கடிதத்தைக் கைவிட்டதை என் மனசு ஏற்கவில்லை. ஆல்பத்தில் இருக்கும் டென்மார்க் அட்டைகளை எடுத்து முன்பக்கம் பார்க்காமல் பின்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 ஜனவரி 2026, திங்கள்

பொங்கலுக்கு வீடு ஒழித்ததில் ஆல்பத்தையும் மாற்றி அடுக்கிவிட்டேன். இதுவரை நாடு வாரியாக, படம் தெரிய இருந்தது. இப்போது முத்திரைத் தேதி வாரியாக, இரண்டு பக்கமும் தெரியும் உறைகளில். ஜெர்மனியிலிருந்து வந்தவற்றின் அடியில் இயந்திரம் அடித்த ஆரஞ்சு நிறக் கோடுகளைத் தேய்ந்துவிடாமல் காப்பாற்ற வேண்டும். வரிசைப்படுத்தும் இயந்திரம் விலாசத்தைப் படித்து அடித்த குறி அது.

மதியம் தபால் நிலையம் போனபோது தம்பியிடம் ஒரு விஷயம் சொல்லி வைத்தேன். போன மகாமகம் 2016-இல். அடுத்தது 2028 மாசியில். குளத்தின் படத்தை இப்போதே அச்சடித்து வைக்கப் போகிறேன். அன்றைக்கு முத்திரைக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பேன், தேதி தெளிவாக விழ வேண்டும். "அதுக்குள்ள எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடும் டீச்சர்" என்றார். வந்தால் அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.