திங்கட்கிழமை வயிற்றுவலி

மகன் சிங்கப்பூரில் தொடக்கநிலை 4இல் (நாலாம் வகுப்பில்) இருந்தபோது திங்கட்கிழமை காலையானால் வயிறு வலிக்கிறது என்பான். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) இரண்டு முறை கூட்டிப்போனேன், ஒன்றுமில்லை என்றார்கள். என் அம்மா ஓமத்தண்ணி கொடுத்தார், சுற்றிப் போட்டார். கடைசியில் விஷயத்தைப் பிடித்தது அவன் வகுப்பாசிரியைதான். ஸ்பெல்லிங் தேர்வு இருக்கிற நாளில் மட்டும் நாலைந்து தடவை கழிவறைக்குப் போகிறான், பள்ளி ஆலோசகர் அவனிடம் பேசலாமா என்று ஃபோன் செய்து கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. பிள்ளையின் பெயரில் ஏதாவது பதிவாகிவிடுமோ, சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றியது. "சின்னப் பிள்ளைக்கு என்னடி கவலை?" என்றார் அம்மா. பதில் சொல்லாமல் ஒரு வாரம் இழுத்தடித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

வலியை வரைந்து காட்டச் சொன்னாராம் ஆலோசகர். வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் வரைந்திருந்தான், அதற்குள் அவனும் நானும். மதிப்பெண் குறைந்த நாளில் பதின்மூன்றாவது மாடி வரை நான் ஒரு வார்த்தை பேசமாட்டேனாம்.

பள்ளிகள் எவ்வளவோ மாறிவிட்டன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத் தந்த டி-ஸ்கோர் மதிப்பெண் 2021இல் போனது, 2023இலிருந்து தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எந்த வகுப்பிலும் அரையாண்டுத் தேர்வு கிடையாது, மனநலத்தைப் பாடமாகவே பேசுகிறார்கள், பள்ளியால் சமாளிக்க முடியாததைக் கவனிக்க மனநலக் கழகத்தின் ரீச் குழுவும் 2007இலிருந்து இருக்கிறது. நான்தான் பழைய கணக்கிலேயே இருந்தேன்.

இப்போது சின்னவள் பாலர் பள்ளியில் கே1. வகுப்பு வாசலில் ஐந்து முகங்கள் வரைந்த அட்டை இருக்கிறது. காலையில் பையை மாட்டியதும் தன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பை ஒரு முகத்தில் குத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். அழுமுகத்தில் குத்தினால் ஆசிரியை பக்கத்தில் வந்து உட்காருவார், அவ்வளவுதான். இது அவள் அண்ணனுக்கு நாலு வயதில் கிடைத்திருந்தால் வயிறு பேச வேண்டி வந்திருக்காது.

ஒரே ஒரு குறை. மனசில் இருப்பதைச் சொல்லும் வார்த்தைகளெல்லாம் அவளுக்கு ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பாட்டியிடம் சொல்ல "பயம்", "கோபம்" இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. பதற்றம், ஏக்கம், ஏமாற்றம், மனசு கனக்குது, இதையெல்லாம் தமிழ் வகுப்பில் பழங்களின் பெயரோடு சேர்த்தே சொல்லித்தரலாமே என்று போன வாரம் அவளுடைய தமிழாசிரியையிடம் கேட்டேன். சரி, முகங்களுக்குக் கீழே தமிழிலும் எழுதிவிடலாம் என்றார். எழுதிக்கொடுக்க நானே உட்கார்ந்திருக்கிறேன், ஐந்தில் மூன்றுக்கு வார்த்தை கிடைத்திருக்கிறது.