மின்வெட்டுக் காலத்தில் இன்டர்பெரோன் ஊசி

ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதென்று தெரிந்தபின் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. டெனோபோவிர் குளிசை வைரஸ் பெருகுவதை அடக்கும். ஆனால் பல வருடங்கள், சிலருக்கு வாழ்நாள் முழுக்க, தினமும் போடவேண்டும். பெக்-இன்டர்பெரோன் ஊசி கிழமைக்கு ஒன்று, 48 கிழமையோடு முடியும். எல்லாருக்கும் பலிக்காது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஈரல் இன்னும் சுருங்கவில்லை என்பதால் ஊசிக்குச் சம்மதித்தேன்.

வயிற்றில் தோலைக் கிள்ளிப் பிடித்து நானே போடப் பழகினேன். வெள்ளி இரவு ஊசி, சனி முழுக்கக் காய்ச்சல், நடுக்கம், மூட்டு நோவு. இன்டர்பெரோன் எங்கள் உடம்பே சுரக்கிற புரதம்தான். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்தது. வைரஸ் புகுந்த கலம் அக்கம்பக்கத்துக் கலங்களுக்கு அதைக்கொண்டு எச்சரிக்கை விடும். அவை வைரஸின் ஆர்என்ஏயை, அதாவது அதன் மரபுச்செய்தியைத் தாங்கும் மூலக்கூறை, அறுக்கும் நொதிகளை உண்டாக்கிக் காத்திருக்கும். வைரஸ் காய்ச்சலில் வருகிற அதே உடல் நோவும் இதனால்தான் என்று விளங்கிய பிறகு, பனடோலோடு படுத்திருக்க மனம் ஒத்துழைத்தது.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்கவேண்டும், உறையவும் விடக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்கள் பிரிஜ் வெறும் அலுமாரியாகிவிட்டது. மனிசி ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ் பொதி வைத்து, மேலே துவாயை மடித்து விரித்து, அதற்குமேல் ஊசியையும் ஒரு வெப்பமானியையும் வைப்பா. ஐஸ் மருந்தில் நேராக முட்டாமல் இருக்கத்தான் அந்தத் துவாய். இரவில் எழும்பி டோர்ச் அடித்துப் பார்ப்பதும் அவதான்.

நடுவில் ஏஎல்டி, அதாவது ஈரல் கலங்கள் சேதமானால் இரத்தத்தில் கூடுகிற நொதி, திடீரென்று ஏறியது, பயந்துபோனேன். வைரஸ் உள்ள ஈரல் கலங்களை உடம்பு தாக்கத் தொடங்கினாலும் இப்படி ஏறும், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினையும் சேர்த்துக் கவனிப்போம் என்றார் டொக்டர்.

காய்ச்சலைவிட மனச்சோர்வு பொல்லாதது. “இஞ்சாருங்கோ, நீங்கள் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை” என்று மனிசி சொல்லித்தான் அதை டொக்டரிடம் எடுத்துச் சொன்னேன். இந்த மருந்துக்கு அது தெரிந்த பக்கவிளைவு. ஊசி போடுகிறவர்கள் தயவுசெய்து மறைக்கவேண்டாம்.

முடிவில், வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் ஈ-அன்டிஜன் என்ற வைரஸ் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்து அதற்கெதிரான பிறபொருளெதிரி வந்தது. தொற்று இருப்பதைக் காட்டும் எஸ்-அன்டிஜன் இன்னும் இருக்கிறது, அதனால் கிளினிக் தொடர்கிறது. மனிசிக்குத் தொற்று இல்லை, தடுப்பூசி 3 தடவையும் போட்டாயிற்று. இலங்கையில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள், வீட்டில் ஒருவருக்கு இருந்தால், உடனே இரத்தம் சோதியுங்கள்.